லைனர் தேயட்டும், டிரம் இருக்கட்டும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "வண்டியை நிறுத்துவது இரும்பு இல்லை, பிசின்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான். தனுவச்சபுரத்திலிருந்து களியக்காவிளை செக்போஸ்ட் வரை கையில் கிரீஸ் பட்டவர்கள் எல்லாரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். இரண்டு கடிதங்களில் கையெழுத்து இல்லை, கிரீஸில் பெருவிரல் ரேகைதான் இருந்தது. ஆகவே இந்த இதழ் முழுக்கக் கொல்லயில் பஞ்சாயத்துக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும். மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த வாரம் வந்து சண்டை போடலாம்.

கே: பிரேக் லைனர் என்பது என்ன சரக்கு? பார்த்தால் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. விலை அப்படி இல்லையே!
— ஆட்டோ ஓட்டுநர், உதியன்குளங்கரை

ப: கரிக்கட்டை என்றால் கோபித்துக்கொள்ளும். ஒரு லைனருக்குள் பத்துப் பதினைந்து சாமான் இருக்கிறது. சாம்பார்ப் பொடிக்குக்கூட அத்தனை வேண்டாம். எல்லாவற்றையும் கட்டிவைப்பது பினாலிக் பிசின். 1907-இல் லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டின் வம்சம். பழைய வீடுகளில் 'டக்' என்று விழும் கறுப்பு சுவிட்சும் உங்கள் லைனரும் பங்காளிகள். பிசினை மட்டும் தனியாக வைத்தால் நாலு மிதியில் பொரிந்து உதிர்ந்துவிடும். அதைத் தாங்கத்தான் நார்: கண்ணாடி நார், எஃகுத் தும்பு, குண்டு துளைக்காத சட்டைக்குப் போகிற கெவ்லாரின் ஜாதியான அராமிட் நார். இடத்தை அடைக்க பேரைட் என்ற கனமான மண்சரக்கு. பிடிப்புக்குக் கொஞ்சம் அலுமினாத் தூள். வழுக்குவதற்குக் கிராஃபைட்.

பிரேக்குக்குள் வழுக்கும் பொருள் எதற்கு என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். பிடி மட்டுமே இருந்தால் வண்டி நிற்காது, குத்தும். பின்சீட்டில் இருக்கும் அம்மச்சி முன்சீட்டுக்கு வந்துவிடுவார்.

கே: டிரம் வார்ப்பிரும்பு. லைனர் அதைவிட மெது. பிறகு டிரம்மில் பள்ளம் விழுவது எப்படி?
— மாணவர், ஐ.டி.ஐ., தனுவச்சபுரம்

ப: இந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு மதிப்பெண் போடலாம்.

உரசும் இரண்டு பேரில் யாராவது ஒருவர் தேய்ந்துதான் ஆகவேண்டும். யார் என்பதை வண்டி செய்கிறவன் முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறான். லைனர் மலிவு, மாற்றுவது சுலபம். டிரம் விலை அதிகம், கழற்றுவது பாடு. எனவே தேய்வதற்கென்றே நேர்ந்துவிடப்பட்ட ஆடு லைனர். ஒப்பந்தம் இதுதான். ஒப்பந்தத்தை மூன்று பேர் மீறுவார்கள்.

முதல் ஆள் ரிவெட். லைனரை பிரேக் ஷூவில் பிடித்துவைக்கும் ரிவெட்டின் தலை லைனருக்குள் பள்ளத்தில் பதுங்கியிருக்கும். லைனர் தேயத் தேய அது வெளியே தலை நீட்டும். அன்றிலிருந்து உரசுவது பிசின் இல்லை, உலோகத்தோடு உலோகம்.

இரண்டாவது, ரோட்டு மணல். மணல் துகள் இரும்பில் ஒட்டாது. மெதுவான லைனரில் போய்ப் பதிந்துகொள்ளும். பதிந்ததும் லைனர் உப்புத்தாள் ஆகிவிடுகிறது. அதாவது மெதுவாக இருப்பதுதான் இங்கே வினை. உலோகம் முழுசாகத் தேய்வதும் பிசின் பிழைப்பதும் இப்படித்தான்.

மூன்றாவது, லைனரின் சொந்த நார். கண்ணாடி நாரின் கடினம் சாதாரண இரும்பைவிடக் கூடுதல். பிசின் தேய்ந்து நார் நுனி வெளியே வந்தால் அது கீறும். நுனி உடைந்து நடுவில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தில் 'கிரீச்' கேட்டு ஒரு மாதம் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டினேன். மெக்கானிக் டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்வட்டம் முழுக்க, பழைய இசைத்தட்டில் இருக்குமே, அந்த மாதிரி வரி வரியாகப் பள்ளம். நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. லேத்தில் போட்டுக் கடைந்தார்கள். கடைந்தால் டிரம் ஒல்லியாகிவிடும். அளவு தாண்டினால் பழைய இரும்புக் கடைதான். "சாரே, லைனருக்குக் காசு இல்லன்னு சொல்றவன் டிரம்முக்கு எங்கேருந்தாவது கொண்டாருவான்" என்றார். நான் கொண்டுவந்தேன்.

கே: கடினமானவரும் மெதுவானவரும் சேர்ந்து வாழ முடியுமா?
— இல்லத்தரசி, காரக்கோணம்

ப: இது பிரேக் கேள்வியா என்று சந்தேகமாக இருக்கிறது. பிரேக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். உராய்வு என்பது ஒருவருடைய குணம் இல்லை, ஜோடியின் குணம். லைனரின் உராய்வு எண் எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் பொறியாளர் திருப்பிக் கேட்பார்: எதன்மேல், எந்தச் சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில்? உங்கள் வீட்டிலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

கே: நான் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறேன். கொட்டையின் தோட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்களே, கையில் பட்டால் பொத்துப்போகும் அந்தச் சனியன் யாருக்கு என்ன உபயோகம்?
— பறங்கியண்டித் தொழிலாளி, பாறசாலை அருகே

ப: நீங்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை நிறுத்துவதற்கு, அம்மா.

விளையாட்டு இல்லை. முந்திரித் தோட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு அந்தக் கறுப்பு எண்ணெய். அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். உங்கள் விரலைச் சாம்பலில் தோய்க்கவைப்பதும், ரேகையை அழிப்பதும் அதன் கூட்டம்தான். சூடாக்கினால் அது கார்டனால் என்ற இன்னொரு எண்ணெயாக மாறும். பிறப்பில் அது பினாலின் உறவு. ஆனால் பின்னால் பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால் இருக்கிறது. வெறும் பினாலிக் பிசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும்; வால் உள்ள பிசினோ ரப்பர் மாதிரி கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் போன நூற்றாண்டின் முற்பாதியில் இந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இறுக்கிக் கெட்டியாக்கி, இடித்துப் பொடியாக்கி, பிரேக் லைனரில் கலந்தார்கள். தொழிலில் அதற்குப் பெயர் 'ஃப்ரிக்‌ஷன் டஸ்ட்', உராய்வுப் பொடி. லைனரின் விறைப்பைக் குறைக்கும், சத்தத்தை அடக்கும், பிடியை ஒரே சீராக வைக்கும். இன்றைக்கும் உலகத்தில் ஏகப்பட்ட லைனர்களுக்குள் இந்தப் பொடி இருக்கிறது.

போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் என்பதால் நம் பக்கத்தில் பறங்கியண்டி. கொல்லத்திலிருந்து குலசேகரம் வரை அதை உடைப்பதும் உரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். பருப்பு பாயசத்துக்குப் போகிறது, எண்ணெய் பிரேக்குக்குப் போகிறது. பாயசத்தில் முந்திரி மிதப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். பஸ் நிற்கும்போது யாரும் அண்டியாபீஸை நினைப்பதில்லை. எண்ணெய்க்கு இத்தனை மவுசு இருக்கும்போது, அதைத் தொடுகிற கைக்கு ஒரு நல்ல கையுறை கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கவேண்டியவர்களுக்கு எப்போது தோன்றுமோ.

கே: அடுப்படியில் நான்ஸ்டிக் தவா, ரோட்டில் பிரேக் லைனர். ஒன்று வழுக்குகிறது, ஒன்று பிடிக்கிறது. இரண்டும் பாலிமர் என்கிறார்களே?
— ஆசிரியை, அமரவிளை

ப: ஒரே குடும்பத்தில் ஒருவர் சாமியார், ஒருவர் போலீஸ். டெஃப்லானை 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். எஃகுமேல் அதன் உராய்வு எண் 0.05-இலிருந்து 0.1 வரை. பிரேக் லைனருக்கு வார்ப்பிரும்புமேல் 0.3-க்கும் 0.45-க்கும் நடுவே.

டெஃப்லானின் தந்திரம் வேடிக்கையானது. உரசும்போது தன்னையே மெல்லிசாக உரித்து இரும்புமேல் பூசிவிடும். பிறகு அது இரும்புமேல் ஓடுவதில்லை; தன்மேல் தானே வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் சும்மா விட்டால் சோப்பு மாதிரி கரைந்தும் போகும். கண்ணாடி நாரோ கார்பனோ கொஞ்சம் கலந்தால் தேய்மானம் நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. எண்ணெய் விடாமல் ஓடும் கம்ப்ரசர்களின் பிஸ்டன் வளையங்கள் இந்தக் கலவைதான். தவாவில் நார் கிடையாது. அதனால்தான் இரும்புக் கரண்டி போடாதே என்று மாமியார் சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மாமியார் கட்சி.

கே: இடவப்பாதி மழையில் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது, மூன்றாவது மிதியில் பிடிக்கும். ஏன்?
— பால்காரர், செங்கல்

ப: லைனருக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் ஏடாக நிற்கிறது. முதல் இரண்டு மிதி அதைத் துடைக்க, மூன்றாவதுதான் உங்களுக்கு. தண்ணீரைக் கடந்ததும் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு முறை லேசாக மிதித்துக் காயவையுங்கள். பால் குடத்தை நினைத்துக்கொண்டு.

கே: பொன்முடியிலிருந்து இறங்கும்போது கருகல் நாற்றம், பிரேக் மிதித்தால் ஒன்றுமே இல்லை. பயந்துபோனேன்.
— கல்லூரி மாணவர், தனுவச்சபுரம்

ப: பயந்தது சரி. 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் காலை எடுக்காமல் வந்திருக்கிறீர்கள். முந்நூறு டிகிரியைத் தாண்டினால் லைனரின் பிசின் பிரிந்து வாயுவாகக் கிளம்பும். அந்த வாயுவும் சிதைந்த மேல்தோலும் சேர்ந்து லைனரை இரும்பிலிருந்து தள்ளி வைத்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் 'ஃபேடு' என்பார்கள். ஆறினால் பிடி வரும். ஆனால் மேல்பகுதி பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் உப்புத்தாள் போட்டாலும் முழுசாகத் திரும்பாது, மாற்றுவதே நல்லது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜினுக்குச் சம்பளமில்லாத வேலை கொடுப்பதில் பாவமில்லை.

கே: தினமும் தனுவச்சபுரத்தில் ரயில் ஏறுகிறேன். சின்ன வயதில் வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கும். இப்போது அது இல்லை. டிரைவர்கள் திருந்திவிட்டார்களா?
— அரசு ஊழியர், கொல்லயில்

ப: டிரைவர்கள் அன்றும் நல்லவர்களே. மாறியது பிரேக் கட்டை. இந்தப் பாதையில் 1979-இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் சக்கரத்தைப் பிடித்தது வார்ப்பிரும்புக் கட்டை. அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: வேகமாகப் போகும்போது பிடி குறைவு, வேகம் குறையக் குறைய பிடி ஏறும். கடைசி சில அடியில் திடீரென்று வீரம் வந்து கவ்வும். அதுதான் உங்கள் குலுக்கு. இப்போதைய கட்டை, லைனர் மாதிரியே பிசினும் நாரும் சேர்ந்த நார்க்கலவை. அதற்கு எந்த வேகத்திலும் பிடி ஏறத்தாழ ஒன்றே. எடையும் குறைவு, ஒரு தொழிலாளி ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம்.

குறையும் சொல்லவேண்டும். வார்ப்பிரும்புக் கட்டை சூட்டில் ஒரு பங்கைத் தானும் வாங்கிக்கொள்ளும். நார்க்கலவை சூட்டை உள்ளே விடாது. அத்தனையும் சக்கரத்தின் தலையில். சக்கரத்தின் மேல்தோலில் முடி மாதிரி விரிசல் விழுவதற்கு இது ஒரு காரணம். மலிவான கட்டையைக் காப்பாற்றி விலை உயர்ந்த சக்கரத்தைப் பலி கொடுக்கலாமா என்பதுதான் ரயில் பொறியாளர்களின் ஓயாத தலைவலி. புதிய எல்.எச்.பி. பெட்டிகளில் இந்தத் தலைவலி வேண்டாம் என்று சக்கரத்தை விட்டுவிட்டு, அச்சில் தனியாகத் தட்டு மாட்டி அதைப் பிடிக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இதே மாற்றத்தைத் தூக்கத்துக்காகச் செய்தார்கள். வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தைச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பான சக்கரம் இராத்திரியில் கத்தும். அந்தச் சத்தம் போடும் சரக்கு வேகன்களை 2020-இல் சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் தடை செய்துவிட்டன.

கே: எங்கள் தெருவில் ஒரு பஸ் பிரேக் போட்டால் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடுகின்றன.
— ஓய்வுபெற்றவர், நெய்யாற்றின்கரை

ப: நெய்யாற்றின்கரை வாசுதேவன் பாடிய மண்ணில் இந்த அபசுரமா! வயலின் கம்பியை வில் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை. அதனால் நாதம். லைனரும் டிரம்மும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்து, ஷூவையும் தகட்டையும் சேர்த்து நடுங்கவைக்கின்றன. வித்தியாசம், பஸ்ஸுக்கு சுருதி சேர்க்க ஆள் இல்லை. லைனர் பளபளத்திருக்கும், அல்லது தூசி அடைந்திருக்கும். நாய்களுக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று மட்டும் தெரிகிறது.

கே: பைபர் வள்ளத்தில் நாலு ஓட்டை போட்டால் டிரில் பிட்டு மொட்டையாகிவிடுகிறது. பலகையில் நாற்பது போட்டாலும் ஒன்றும் ஆவதில்லை.
— மீனவர், பூவாறு

ப: வள்ளத்தின் உடம்பு கண்ணாடி நார். பார்க்கத் துணி, உள்ளே கண்ணாடி. பிட்டின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரக்கணக்கான கண்ணாடி நுனிகளை வெட்டுகிறது. விளிம்பு மழுங்கியதும் வெட்டுவதற்குப் பதில் தேய்க்கிறது, பிசின் சூடாகி நாறுகிறது, ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக நார் பிரிகிறது. அந்த வெள்ளை வளையத்தில்தான் நாளைக்குத் தண்ணீர் ஏறும். கார்பைடு முனை வைத்த பிட்டை வாங்குங்கள். முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் சட்டைக்குள் போனால் இரவெல்லாம் சொறிய வேண்டியிருக்கும். கண்ணாடி நார் கலந்த நைலானை உருக்கி வார்க்கும் ஆலைகளிலும் இதே புலம்பல்தான்: பிளாஸ்டிக் போய் எஃகுத் திருகைத் தின்கிறது.

கே: நார்க்கலவை, அது இது என்கிறீர்கள். எல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே?
— தச்சர், வெள்ளறடை

ப: தச்சர் கேட்கிற கேள்வியா இது! நீங்கள் தினமும் இழைப்பது என்ன? செல்லுலோஸ் நாரை லிக்னின் என்ற பிசினில் கட்டிய கலவைதான் மரம். கப்பல் உந்துவிசிறியின் தண்டுக்கு, உலோகம் தாங்காத இடத்தில், ஜான் பென் என்ற ஆங்கிலேயர் 1854-இல் லிக்னம் விட்டே என்ற வைரம் பாய்ந்த மரத்தைத்தான் புஷ்ஷாகப் போட்டார். தண்ணீரே அதற்கு எண்ணெய். பின்னாளில் அந்த வேலையைப் பினாலிக் பிசினில் தோய்த்த துணி அட்டை எடுத்துக்கொண்டது.

இறைச்சிக் கடையில் புளியமர முட்டியை எப்படி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். படுக்கவைத்த பலகை இல்லை. நார் நட்டுக்குத்தலாக நிற்கும்படி அறுத்த துண்டு. கத்தி நாரின் இடைவெளியில் புகுந்து வருகிறது. முட்டி செதில் செதிலாக உரிவதில்லை. நார் படுத்திருந்தால் உரியும், நின்றால் நுனி மட்டும் தேயும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துக் கட்டுரை எழுதுகிறார்கள். கசாப்புக்காரர் கட்டுரை எழுதாமல் புளியமரத்தை வாங்கிவிட்டார்.

பிரேக் லைனரின் ஆரம்பமும் அப்படித்தான். 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பாதையில், வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸை மாட்டிச் சக்கரத்தைப் பிடிப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார். அந்தப் பூட்ஸிலிருந்து ஃபெரோடோ கம்பெனி பிறந்தது. நாம் இன்னும் சைக்கிள் கடையில் ரப்பரை வாங்கும்போதும் 'பிரேக் கட்டை' என்றுதான் கேட்கிறோம்.

கே: கொல்லயில் கேரளமா, தமிழ்நாடா? என் சித்தப்பாவுக்கும் எனக்கும் தீராத வாதம்.
— பெயர் வேண்டாம், எல்லைக்காரர்

ப: 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு விழுந்தது. கொல்லயில் அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகாவையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டுக்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. விளவங்கோடு வரை கிடைத்தது. காகிதத்தில் கேரளம். காதில் இரண்டும். லைனர் வாங்க சித்தப்பா எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கே: லைனர் மாற்றும்போது ஏர் அடித்துத் தூசியை ஊதுவது சரியா?
— ஒர்க்‌ஷாப் உதவியாள், பாறசாலை

ப: தப்பு. நிறுத்துங்கள். பழைய லைனர்களின் நார் ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை, நுரையீரலில் குடியேறுவதிலும் இல்லை. அதன் வேலை இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று அட்டையில் அச்சடித்த லைனரின் தூசியும் சந்தனம் இல்லை. ஈரத்துணியால் துடையுங்கள், துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். புகைக்கு மட்டும் அளவு வைத்திருந்த ஐரோப்பா, யூரோ 7 விதியில் முதல்முறையாக பிரேக் தூசிக்கும் அளவு வைத்துவிட்டது: பெட்ரோல், டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்.

கே: மனித உடம்புக்குள் இரும்பும் பிளாஸ்டிக்கும் உரசினால் என்ன ஆகும்?
— நர்சிங் மாணவி, காரக்கோணம்

ப: நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் கழகத்தில் எம்.எஸ். வல்லியத்தான் தலைமையில் செய்த இதய வால்வு. கோபால்ட் கலவை உலோகக் கூடு. அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு. தட்டைக் கடினமாகச் செய்தால் நீடிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்களும் சபையர் படிகத்தில் செய்து பார்த்தார்கள். சரிவரவில்லை. நான்காவது மாதிரியில்தான் கரையேறினார்கள். அதில் தட்டு, மிக நீளமான மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலின். நார் கலக்காத வெறும் பாலிமர். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

நிமிஷத்துக்கு 72 என்று வைத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 3.8 கோடித் தடவை அந்தத் தட்டு கூட்டில் இடிக்கிறது. ஒரே இடம் அடிவாங்கக் கூடாது என்று தட்டு தானாக மெல்லச் சுழலும்படி விட்டிருக்கிறார்கள். தேய்மானம் வட்டம் முழுக்கப் பங்கிடப்படுகிறது. ரேஷன் கடையைவிட ஒழுங்காக.

கே: தேய்மானத்தை எப்படி அளப்பார்கள்?
— இன்னொரு ஐ.டி.ஐ. மாணவர், தனுவச்சபுரம்

ப: சுழலும் எஃகுத் தட்டின்மேல் கலவைக் குச்சியை எடை வைத்து அழுத்தி, சில கிலோமீட்டர் ஓடவிட்டு, முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். தொலைந்தது எவ்வளவு என்பதை அழுத்திய எடையாலும் ஓடிய தூரத்தாலும் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பொற்கொல்லரின் உரைகல்தான், கொஞ்சம் மின்சாரம் சேர்த்து.

கே: மின்சார ஆட்டோ வாங்கினேன். லைனர் தேயவே மாட்டேன் என்கிறது!
— ஆட்டோ ஓட்டுநர், உதியன்குளங்கரை (அதே ஆள்)

ப: ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து, பேட்டரிக்கும் கொஞ்சம் கொடுக்கிறது. லைனருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத வீட்டில் துரு பிடிக்கும். நம்மூர் மழையில் டிரம்முக்கும் பிடிக்கும். நாளுக்கு இரண்டு தடவையாவது நன்றாக மிதித்துத் துருவைத் துடைத்துவிடுங்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வண்டிக்கு முன்சக்கர லைனர் எப்போது மாற்றினீர்கள்?
— மெக்கானிக், உதியன்குளங்கரை

ப: இடம் முடிந்துவிட்டது. அடுத்த இதழில் சந்திப்போம்.